மீனைக் கேட்டு இறங்கும் அம்மன்

எங்கள் ஊர்ச் செல்லியம்மன் ஆற்றில் குளிக்க வேண்டுமென்றால் மீனிடம் கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் சிதம்பரத்தில் என் மாமியார் பார்வதத்திடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். தினமும் நடராஜரைப் பார்க்கிறவர், அவருக்கு எங்கள் அம்மன் கொஞ்சம் இளப்பம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆற்றில் எவனெவனோ எதையெதையோ கேட்காமல் இறக்குவதைப் பார்த்து வயிறெரிந்த பிறகு, கேட்டு இறங்குகிற ஒரே ஒருத்தி எங்கள் அம்மன்தான் என்று எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஊர் நாணல்குப்பம். செம்மங்குப்பத்தை அடுத்து, உப்பனாற்றங்கரையில், கெமிக்கல் கம்பெனிகளின் முதுகுப்பக்கம் இருக்கிறது. மாசி மகத்தன்று அம்மனைத் தோளில் ஏற்றி ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோவோம். ஏற்றினால் குளித்து முடிக்கும்வரை கீழே இறக்கக் கூடாது. துறையில் முதல் வேலை பொரி இறைப்பது. ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. எங்கள் காலத்தில் அது மங்கலம் அத்தை, என் அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பொரி விழுந்ததும் மடவை மீன்கள் கூட்டமாக மேலே வந்து கவ்வும். அத்தை பார்த்துவிட்டு, "எடுத்துடுச்சு" என்று குரல் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் மேளம் அடிக்கும், அதற்கப்புறம்தான் அம்மன் தண்ணீரில் கால் வைப்பாள். ஆறு மீனுடைய வீடு. சாமியே ஆனாலும் அடுத்தவர் வீட்டுக்குள் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

கம்பெனிகள் யாரையும் கேட்கவில்லை. கழிவுக் குழாயைப் போட்டார்கள், திறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மூக்கை வைத்தே எந்தக் கம்பெனி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அழுகின முட்டை ஒரு கம்பெனி, நகப்பாலீஷ் ஒரு கம்பெனி, மூட்டைப்பூச்சி மருந்து இன்னொன்று. முதலில் சேற்றில் துள்ளும் உளுவை போனது. பிறகு கெளுத்தி, பிறகு இறால். நாரைகள் கொஞ்ச நாள் வந்து சும்மா நின்று பார்த்துவிட்டு, அவையும் வராமல் போயின. மனுஷர்களுக்குக் காலில் புண் வந்தபோதுதான் ஊர் மனு எழுத ஆரம்பித்தது. மீன் செத்தபோது எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு என் ஊரின் மேலேயே உண்டு.

சுனாமிக்கு அடுத்து வந்த மாசி மகத்தில் அத்தை பொரி இறைத்தாள். ஒரு மீனும் வரவில்லை. அம்மனைச் சுமந்தவர்கள் தோள் மாற்றி மாற்றி உச்சி வெயிலில் நின்றார்கள். அத்தையின் புருஷன் ராஜமாணிக்கம் மாமாதான் கோவில் தர்மகர்த்தா. அவர் இரண்டு பேரை வண்டியில் விரட்டினார். அவர்கள் எங்கோ ஒரு வளர்ப்புக் குட்டையிலிருந்து தகர டின்னில் ஜிலேபிக் கெண்டை கொண்டுவந்தார்கள். சாக்கடையில் விட்டாலும் பிழைக்கிற மீன் என்று பெயரெடுத்தது அது. துறைக்குக் கொஞ்சம் மேலே, பந்தல் துணிக்குப் பின்னால் வைத்து டின்னைக் கவிழ்த்தார்கள். சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. பொரி நடுவே அத்தனை வாய்கள். அத்தை கொஞ்சம் தயங்கி, "எடுத்துடுச்சு" என்றாள். மேளம் அடித்தது. இளவட்டங்கள் விசில் அடித்தார்கள்.

மீன்கள் பொரி தின்னவில்லை. மூச்சுக்குத் திணறின. தண்ணீருக்குள் உயிர் பிழைக்க வழியில்லாமல் காற்றை விழுங்க மேலே வந்தன. அம்மன் குளித்துக் கரையேறுவதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதைத்தான் எங்கள் ஊர் அனுமதி என்று எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் வருஷாவருஷம் டின் வந்தது. ஊருக்கே தெரியும், ஊரில் யாரும் பேச மாட்டார்கள். ஆறு செத்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் நாணல்குப்பத்துக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது மாமாவின் கணக்கு. என் தம்பி அருள்முருகனுக்கே மூன்று இடம் வந்து, மூன்றும் ஊர் வாடையை மோந்துவிட்டுத் திரும்பிப் போயின. ஆறு இருக்கிறது, மீன் இருக்கிறது, அம்மன் குளிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள ஊருக்கு ஒரு மாசி மகம் வேண்டியிருந்தது. அந்தப் பொய் எங்களைத் தவிர வேறு யாருக்கு உதவும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

2009 தை மாதத்தில் அது யாருக்கு உதவும் என்று தெரிந்துபோனது. ஒரு கம்பெனி இரண்டாவது யூனிட் கட்டப்போவதாகவும், அதற்கு ஒரு குழாய் உப்பனாற்றின் முகத்துவாரத்துப் பக்கமாகப் போகும் என்றும் அறிவித்தார்கள். மிச்சமிருந்த மடவை அங்கேதான் ஒதுங்கியிருந்தது. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற அந்த ஒரு மைல்தான் ஆற்றில் உயிரோடு இருந்த இடம். அங்கேயும் குழாய் வந்தால் உப்பனாறு என்று பெயர் மட்டும்தான் மிஞ்சும். ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். அங்கே ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். உணவுச் சங்கிலி பாடம் நடத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

கம்பெனி மேனேஜர் சாய்நாத் நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். சுத்தமான தமிழ், அளவான சிரிப்பு. ஆறு சீரழிந்துவிட்டதாகச் சிலர் புகார் சொல்கிறார்கள், நான் வாதாடப் போவதில்லை, உங்கள் ஊர் சாமியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் என்றார். விளக்கை அணைத்து, திரையில் படம் ஓடவிட்டார்கள். போன வருஷத்து மாசி மகம். எங்கள் துறை, எங்கள் அம்மன், அத்தையின் கை, பொரி. பிறகு மீன்களின் வாய்கள், ஒவ்வொன்றும் பானை அகலத்துக்கு. திறந்து மூடின, திறந்து மூடின. கூட்டம் கை தட்டியது. எங்கள் ஊர்க்காரர்களும் தட்டினார்கள்.

எழுந்து நின்று சொன்னேன். அந்த மீன்கள் ஆற்று மீன்கள் இல்லை, விலைக்கு வாங்கி விட்டவை, அவை தின்னவில்லை, சாகின்றன, நீங்கள் காட்டுவது சாவு என்றேன். மேடையில் உட்கார்ந்திருந்த சர்க்கார் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோவில் தர்மகர்த்தா யாராவது வந்திருக்கிறாரா என்றார். மாமா எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க ஆத்துல மீனு இருக்குதுங்க. பாப்பா கட்டிக்குடுத்து சிதம்பரத்துல இருக்குது. அதுக்கு இங்கத்திய நெலவரம் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, மாமா ஒரு ஆற்றையே மறைத்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. மாமா இரண்டு வாங்கிக்கொண்டார்.

அத்தை வீட்டுக்கு வந்து மாமாவோடு சண்டை போட்டேன். பெரியவர், சின்னவர் பார்க்கவில்லை. உங்களுக்கு ஆறு முக்கியமா, சம்பந்தி வீட்டார் மூக்கு முக்கியமா என்று கேட்டேன். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஊர் மானம் என்றார், அம்மன் மானம் என்றார். கேட்காமல் ஆற்றில் இறங்கின அம்மன் என்று நாலு பேர் பேசினால் உனக்குச் சந்தோஷமா என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மாமாவுக்குக் கம்பெனி மேல் பாசம் ஒன்றும் இல்லை. அம்மன் குற்றம் செய்துவிட்டாள், குற்றம் செய்ய வைத்தவர் தாம் என்று அவருக்குப் பயம். ஒரு பொய்யை மறைக்க வருஷாவருஷம் ஒரு டின் மீனைக் கொன்றுகொண்டிருந்தார். பாவம் என்று தோன்றியது. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

அத்தை அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றில் பிடித்து விற்றவள் இப்போது துறைமுகத்தில் வாங்கித் தெருவில் விற்கிறாள். கூட்டத்தைப் பற்றின அதிகாரியின் அறிக்கை இன்னும் மேலே போகவில்லை, மாசி மகத்துக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாராம் என்று ஊரில் பேச்சு இருந்தது. நான் அத்தையிடம் அதைச் சொன்னேன். மாமா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், குரல் கொடுக்க வேண்டியது நீ, நீ சொல்லாவிட்டால் மேளம் அடிக்காது என்றேன். அத்தை அறுத்த மீனின் வாயை விரலால் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மாசி மகத்தன்று துறையில் என்றைக்கும் இல்லாத ஜோடனை. கம்பெனி பெயர் போட்ட பந்தல், நாற்காலிகள், மைக் செட். முதல் வரிசையில் சாய்நாத்தும் அதிகாரியும் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் மாமா மாலை போட்டார். அன்றைக்கு மூட்டைப்பூச்சி மருந்து வாடை. பந்தலில் கட்டிய மல்லிகைச் சரத்தையும் மீறி அது வந்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்தார், எல்லோரும் பார்ப்பதைக் கவனித்துவிட்டு முகம் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார். தம்பி அருள்முருகன் அம்மனைச் சுமக்கிறவர்களில் ஒருவனாக முன் கம்பைத் தோளில் தாங்கி நின்றான். அவனை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் கிள்ளையிலிருந்து வேன் பிடித்து வந்து கரையில் நின்றார்கள்.

பந்தல் துணிக்குப் பின்னால் டின் கவிழ்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். பூசாரி கோவிந்தசாமி உடுக்கையைக் கொஞ்சம் பலமாக அடித்தார். அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி மடியிலிருந்த பொரியை இறைத்தாள். வெள்ளை வெளேரென்று பொரி பரவியது. ஒவ்வொன்றாக வாய்கள் மேலே வந்தன. நாற்காலி வரிசையில் சாய்நாத் முன்னால் சாய்ந்து அதிகாரியிடம் விரலை நீட்டிக் காட்டினார். மேளக்காரர் குச்சியை ஓங்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

அத்தை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமா தொண்டையைச் செருமினார். பிறகு மெல்ல, மங்கலம் என்று கூப்பிட்டார்.

"எடுக்கல" என்றாள் அத்தை.

ஊரில் யாரும் இதுவரை கேட்டிராத சொல் அது. மேளக்காரரின் கை அப்படியே நின்றது. சாய்நாத் எழுந்து வந்து, என்னம்மா, அதோ அத்தனை மீன் தின்கிறதே என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. அத்தை குனிந்து இரண்டு கையாலும் ஒரு மீனை அள்ளினாள். அது துள்ளக்கூட இல்லை. கரையேறி நேராக அதிகாரியின் நாற்காலிக்குப் போனாள். மீனின் வாயை விரலால் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாயில ஒரு பொரி இருக்குதா பாருங்க சார். மூச்சு வாங்கத்தான் மேல வந்துச்சு. எடுத்துடுச்சு எடுத்துடுச்சுன்னு வருஷாவருஷம் நான்தான் பொய் சொன்னன். இந்தப் பாவம் போதும்."

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய புது வேட்டியில் தண்ணீர் சொட்டியது. மீன் அத்தையின் கையிலேயே அடங்கிவிட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். யாருக்காக அழுதார்கள் என்று கேட்கத் தோன்றியது. அம்மனுக்கா, மீனுக்கா, இல்லை இவ்வளவு நாள் கை தட்டினதற்கா? நான் அழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சாய்நாத்துக்கு விஷயத்தின் ஆழம் புரியவில்லை. புரிந்தும் புரியாதது போல இருந்தாரோ என்னவோ. மாமாவின் தோளில் கை வைத்து, மீன்தானே பிரச்சினை, எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள், லாரியில் கொண்டுவந்து இறக்குகிறேன், கம்பெனி வளாகத்திலேயே டைல்ஸ் போட்டு ஒரு தொட்டி கட்டித் தருகிறேன், அம்மன் வருஷாவருஷம் சுத்தமான தண்ணீரில் குளிக்கட்டும் என்றார். குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றைக் கொன்றவன் கையில் கத்தியோடு வந்திருந்தால்கூட எதிர்த்து நின்றிருப்போம். இவர் தொட்டி கட்டித் தருகிறேன் என்கிறார்.

மாமா அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். மேலே அம்மன் நின்றிருந்தாள், குளிக்காமல், இறக்கவும் வழியில்லாமல். தூக்கியவர்களுக்குத் தோள் சிவந்திருந்தது. மாமா கழுத்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றார். அந்த மனுஷன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சார், அன்னைக்கு மண்டபத்துல நான் சொன்னது பொய்யிங்க. ஆத்துல மீனு இல்ல. நாங்கதான் வாங்கியாந்து வுட்டோம். ஊருக்குப் பொண்ணு வராதுன்னு மறைச்சன். மீதி மீனு அந்த முகத்துவாரத்துலதான் உசுரோட இருக்குது. அங்கயும் குழாய் வேணாங்க. இத எழுதிக்கிங்க."

மைக் செட் திறந்தே இருந்தது போலிருக்கிறது. கரை முழுக்கக் கேட்டது. கிள்ளை வேன்காரர்களுக்கும் கேட்டது. அருள்முருகன் கம்பைத் தோளில் தாங்கியபடி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் மானம் என்று எதையெல்லாம் மாமா பொத்திப் பொத்தி வைத்தாரோ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவரே அவிழ்த்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு அவர் மேலிருந்த என் கோபமெல்லாம் இறங்கிப்போனது. பேசாமலிருந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஆமாம் சார், டின்னில்தான் வரும் சார், நான்தான் வண்டி ஓட்டினேன் சார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் போய் டின்னையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

அதிகாரி வேட்டியை உதறிச் சரி செய்துகொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"அறிக்கை போன வாரமே மேல போயிடுச்சுங்க" என்றார். "அன்னைக்கு நீங்க சொன்னத வெச்சிதான் எழுதினது. இப்ப சொன்னா நான் என்ன பண்றது? நான் இன்னைக்கு சாமி கும்பிடத்தான் வந்தேன்."

ஊர் பொய் சொன்னபோது வரிக்கு வரி எழுதிக்கொண்டார்கள். ஊரே கூடி உண்மை சொன்னபோது சாமி கும்பிட வந்தேன் என்கிறார். நான் என்னென்னவோ கத்தினேன். வாத்தியாரம்மா வாயில் வரக்கூடாத வார்த்தைகளும் வந்தன, அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. கார் கிளம்பியது. வேனும் கிளம்பியது. துறையில் நாங்களும் எங்கள் அம்மனும் செத்த மீன்களும் மிச்சம்.

இனி என்ன செய்வது என்று கோவிந்தசாமிக்கே தெரியவில்லை. குளிக்காத அம்மனைக் கோவிலுக்குத் திருப்பின வழக்கம் கிடையாது. குடத்து நீரை எடுத்துத் தெளித்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு விஷயத்துக்கு அவர் அத்தையைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை இன்னும் அந்த மீனைக் கையில் வைத்திருந்தாள்.

"வேணாம். மீனு வான்னு சொல்லல. வீட்டுக்காரங்க கூப்பிடாத வீட்டுல நமக்கு இன்னா வேல? திருப்புங்க" என்றாள்.

அருள்முருகன்தான் முதலில் காலை எடுத்து வைத்தான். மேளம் இல்லாமல் அம்மன் உலர்ந்த உடம்போடு தெருவில் திரும்பி வந்தாள். வாசலில் மஞ்சள் நீரோடு நின்ற பெண்கள் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் ஊற்றவில்லை.

ஆடியில் குழாய் போட்டார்கள். எங்கள் மறுப்பைக் கொண்டுபோய்க் கொடுக்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் அந்தப் பழைய கூட்டத்து வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார்கள். கம்பெனி வளாகத்தில் நீல டைல்ஸ் பதித்த தொட்டியும் கட்டிவிட்டார்கள். அதில் வண்ண வண்ணமாக மீன் விட்டிருக்கிறார்களாம், நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. அருள்முருகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முகத்துவாரத்தில் இந்த மழைக்காலத்தில் மடவை செத்துக் கரை ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னார்கள். கொத்துக் கொத்தாக, பொடி மீன்கள்.

இந்த மாசி மகத்துக்கும் போனோம். பந்தல் இல்லை, மைக் இல்லை. அத்தை பொரி இறைத்தாள். நாங்கள் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பொரி நனைந்து, பழுப்பாகி, கரையோரம் ஒதுங்கியது. ஒரு பிள்ளை, ஏன் சாமி குளிக்கவில்லை என்று அம்மாவைக் கேட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தாள். டீச்சர் நான்தானே, நான்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு இந்த ஆற்றில் யாரும் இல்லை என்றேன். அந்தப் பிள்ளை நம்பவில்லை, குனிந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தது.